சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம்

'ஹார்ட் டிஸ்க் போதுமா, எஸ்.எஸ்.டி. போடணுமா? அவ்வளவு காசு கொடுக்கலாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க' என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது நம் ஊர் ஐதீகம். நான் படித்தது பி.காம்.

ஒரே வார்த்தை பதில்: 'கொடுக்கலாம்.' ஆனால் அந்த வார்த்தைக்கு வந்து சேர எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. நடுவில் ஒரு பழைய நண்பனோடு சண்டை, வீட்டில் கொஞ்சம் தலைகுனிவு. அதைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

2022-ல் நடந்தது. கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன், வட சென்னையில் ஒரு பத்திரப்பதிவு ஆபீஸுக்கு எதிரே டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கிரயப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், காதுகுத்து பத்திரிகை என்று நாள் முழுக்கக் கூட்டம். வாடகை ஒப்பந்தம் ஒன்று டைப் செய்ய வேண்டி அங்கே போனேன். மெஷினில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். திருவள்ளூரிலிருந்து லோக்கல் ட்ரெயினில் வருகிறவர்.

என் பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை ஆன் செய்தார். காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். திரையில் சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. மின்விசிறி சுற்றியது. பெட்டிக்குள்ளே ஏதோ 'கர்ர்... கர்ர்' என்று அரைத்தது. ஐந்து நிமிடம் கழித்து விண்டோஸ் வந்தது. ஃபைலைத் திறக்க ஒன்றரை நிமிடம். பிரின்ட் கொடுத்ததும் மறுபடி மௌனம். அதற்குள் அடுத்த கஸ்டமர், "என்னம்மா, இன்னிக்குள்ள கிடைக்குமா?" என்று அவரைத்தான் கேட்டார். கம்ப்யூட்டரை யாரும் திட்டுவதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஹார்ட் டிஸ்க் என்பது அடிப்படையில் ஒரு கிராமபோன். பளபளப்பான தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றுகிறது. அதாவது ஒரு செகண்டுக்கு 120 சுற்று. அதன் மேல் ஒரு கை, தட்டைத் தொடாமல் நூலிழையைவிட மெல்லிய இடைவெளியில் மிதந்தபடி, உள்ளேயும் வெளியேயும் நகர்கிறது. கேட்ட விஷயம் இருக்கும் வட்டத்துக்குக் கை போய்ச் சேர எட்டு மில்லி செகண்ட். அந்த இடம் சுற்றிக் கைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று, இன்னொரு நாலு மில்லி செகண்ட். ஆக ஒரு துண்டு எடுக்கப் பன்னிரண்டு. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனால் விண்டோஸ் எழுந்திருக்க, அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும். பத்தாயிரம் துண்டு என்று வைத்துக்கொண்டால் இரண்டு நிமிடம் கை ஆடிக்கொண்டே இருக்கும். அந்த 'கர்ர்' அதுதான்.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. சிப்புகள்தான். எந்த மூலையில் இருப்பதையும் ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடும். அதே பத்தாயிரம் துண்டுக்கு ஒரு செகண்ட் போதும். மற்ற வேலைகளும் இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூட ஆகும். ஆனாலும் நிமிடங்கள் செகண்டுகள் ஆகிவிடும்.

விலை? அன்றைக்கு ரிச்சி தெருவில் விசாரித்தேன். 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 2,200 ரூபாய். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஏறக்குறைய 3,000 ரூபாய். ஒரு ஜி.பி.க்கு என்று பார்த்தால் ஒன்று ஒன்பது ரூபாய், இன்னொன்று மூன்று ரூபாய். மூன்று மடங்கு. நண்பன் இதைத்தான் பிடித்துக்கொண்டான்.

"மூணு மடங்கு விலை, நாலுல ஒரு பங்கு இடம். பி.காம். படிச்சிட்டு எவன்டா வாங்குவான்?"

நானும் பி.காம்.தானே? பேப்பரை எடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு மாதம் 12,000 ரூபாய் சம்பளம். இருபத்தைந்து நாள், நாளைக்கு எட்டு மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் ஆகிறது. மெஷினுக்காகக் காத்திருப்பது நாளைக்கு 40 நிமிடம் என்று குறைத்தே வைத்தேன். வருடத்துக்கு 300 நாள் என்றால் 12,000 நிமிடம். அதாவது 200 மணி. சரியாக ஒரு மாத வேலை நேரம். 'வருஷத்துல ஒரு மாசச் சம்பளம் அந்த வட்டத்தைப் பார்த்துட்டு உட்கார்றதுக்குக் கொடுக்கிறே. டிஸ்க் விலை ரெண்டு மாசத்துல திரும்பி வந்துடும்' என்று பேப்பரை அவன் பக்கம் தள்ளினேன். வெற்றிப் புன்னகை வேறு.

அவன் பேப்பரைப் பார்க்கக்கூட இல்லை.

"நான் மாசச் சம்பளம் கொடுக்கிறேன்டா. மெஷின் வேகமா ஓடினாலும் 12,000, மெதுவா ஓடினாலும் 12,000. அந்தப் பொண்ணு வேலையை முடிச்சிட்டுத்தான் கிளம்பும். எனக்கு என்ன நஷ்டம்? டிஸ்க் வாங்கினா 2,200 என் கையை விட்டுப் போகும். அது சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம்தானே, அதுக்கு எவனாவது காசு கொடுப்பானா?"

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. அவன் முட்டாள் இல்லை. அவன் கணக்கு சரி. என் கணக்குதான் தப்பு.

எங்கள் இரண்டு பேருக்கும் காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு பாடம் இருந்தது. 'ஐடில் டைம்' என்று பெயர். தொழிலாளிக்குச் சம்பளம் உண்டு, ஆனால் வேலை நடக்கவில்லை. அந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? தவிர்க்க முடியாததாக இருந்தால் உற்பத்திச் செலவில் சேர். மெஷின் ரிப்பேர், கரன்ட் கட் மாதிரி தவிர்த்திருக்கக்கூடியதாக இருந்தால் லாப நஷ்டக் கணக்கில் நஷ்டமாக எழுது. எப்படி இருந்தாலும் முதலாளி கணக்கில்தான் ஏறும். அதுதான் பாடம்.

நண்பன் கடையில் அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஏனென்றால் அந்த நாற்பது நிமிடத்தை அந்தப் பெண் சாயங்காலம் தன் நேரத்தில் ஈடு கட்டிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவர் ஆறே முக்காலுக்குக் கிளம்புவார். அந்த லோக்கலை விட்டு அடுத்த லோக்கல். கூட்டம். வீட்டுக்குப் போகும்போது பிள்ளை தூங்கியிருக்கும். மெதுவான டிஸ்கின் விலையை மாதா மாதம் ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். கடைக்காரன் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

'எஸ்.எஸ்.டி. அந்தக் காசுக்கு உண்டா' என்ற கேள்வியில் இந்த ஒன்றை நாம் கேட்பதே இல்லை. காசு கொடுப்பவர் ஒருவர், காத்திருப்பவர் இன்னொருவர் என்றால், காசு கொடுப்பவருக்கு எந்த வேகமும் அதிக விலையாகத்தான் தெரியும். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால் கேள்வியே எழாது. கடைக்காரனின் சொந்த மெஷினில் எஸ்.எஸ்.டி. இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது.

இதை வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னேன். தொழிலாளர் உரிமை பற்றி நாலு வார்த்தை கூடவே சேர்த்துக்கொண்டேன். அவர் பள்ளி ஆசிரியை. கேள்வித்தாள், மார்க் லிஸ்ட் எல்லாம் ராத்திரி வீட்டில்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க லேப்டாப்புல எது இருக்கு?" என்றார்.

"எஸ்.எஸ்.டி."

"எனக்குக் கொடுத்தீங்களே, உங்க பழசு, அதுல?"

நான் பதில் சொல்லவில்லை. மூன்று வருடமாக என் வீட்டில் ஒரு காட்சி தினம் நடந்துகொண்டிருந்தது. அவர் லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு அடுக்களைக்குப் போய்க் குக்கர் வைப்பார். மாவு கரைப்பார். திரும்பி வரும்போது திரை வந்திருக்கும். 'என்ன அழகா பிளான் பண்றா' என்று நான் ரசித்திருக்கிறேன். எழுதுகிறவன் நேரம் பொன், எழுத வேகமான மெஷின் வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் புதுசு வாங்கினேன். அவர் நேரம் என்ன உலோகம் என்று யோசிக்கவில்லை. அடுத்தவர் காத்திருப்பு நமக்கு எப்போதும் பொறுமையாகவும் சாமர்த்தியமாகவும்தான் தெரியும். நம்முடையது மட்டும்தான் நஷ்டம்.

இந்த இடத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் பற்றிய ஒரு கதை ஞாபகம் வருகிறது. 1983. மெக்கின்டாஷ் வெளிவரவில்லை. அது எழுந்திருக்க அதிக நேரம் எடுக்கிறது என்று அவருக்கு எரிச்சல். எஞ்சினியரிடம் ஒரு கணக்குச் சொன்னாராம்: ஐம்பது லட்சம் பேர் இதைப் பயன்படுத்தப் போகிறார்கள், ஆளுக்குத் தினம் பத்து செகண்ட் குறைத்தால் ஒரு நாளைக்கு ஐந்து கோடி செகண்ட், வருடம் முழுக்கச் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு மனித ஆயுள், அத்தனை உயிரை நீ காப்பாற்றியதாக அர்த்தம். அந்தக் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பிற்பாடு எழுதியது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 578 வருடம் வருகிறது. ஆளுக்கு எழுபது வயது என்றால் எட்டு உயிர். ஜாப்ஸ் கொஞ்சம் தாராளம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐம்பது லட்சம் பேரின் பத்துப் பத்து செகண்டை உண்டியலில் போட்டுக் குலுக்கினால் ஓர் ஆயுள் விழாது. பத்து செகண்டில் நான் காது குடைவேன், நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். உயிர் எங்கேயும் போகவில்லை. ஆனால் ஒரே ஆளின் நாற்பது நிமிடம், தினம், வருடம் முழுக்க என்றால் அது வேறு சமாச்சாரம். அதில் ஒரு லோக்கல் ட்ரெயின் இருக்கிறது. தூங்கிவிட்ட ஒரு பிள்ளை இருக்கிறது. காத்திருப்பை மொத்தமாகக் கூட்டக் கூடாது. யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, கடைக் கதைக்கு வருவோம். மூன்று மாதத்தில் நண்பனே வாங்கினான். என் உபதேசத்தால் இல்லை. பழைய டிஸ்க் 'டக், டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. பத்து வருடத்துப் பத்திரங்கள் உள்ளே. பயந்துபோய் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டான். இருபது செகண்டில் விண்டோஸ் வந்தது. "இத்தனை நாள் ஏன்டா சொல்லலை?" என்று என்னையே கேட்டான்.

ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். ஏழு மணி. அந்தப் பெண் இன்னும் மெஷினில்.

"என்னம்மா, இப்ப சீக்கிரம் முடிஞ்சிடுமே?"

"முடியுது ஸார். அதான் அண்ணன் ஆன்லைன் வேலையும் எடுத்திருக்காரு. பட்டா, வில்லங்க சான்றிதழ்னு." டைப் செய்துகொண்டே சொன்னார். பிறகு சிரித்தார். "முன்னாடி அது சுத்துற நேரத்துல கொஞ்சம் தண்ணி குடிப்பேன். முதுகை நிமித்துவேன். இப்ப அதுவும் இல்ல ஸார்."

ரொம்ப நேரம் என்னால் அதற்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் 'ஐடில் டைம்' என்று எழுதியதில் ஒரு மடக்குத் தண்ணீர் இருந்திருக்கிறது. அவருக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பதாக நான் நினைத்த நாற்பது நிமிடம், அவரிடம் போய்ச் சேரவே இல்லை. வழியிலேயே கை மாறிவிட்டது.

நார்த்கோட் பார்க்கின்சன் 1955-ல் ஒரு கட்டுரையில் சொன்ன விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: இருக்கிற நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை வீங்கும். அவர் கேலியாகச் சொன்னது அரசாங்க ஆபீஸ்களை. கடைகளுக்கும் பொருந்துகிறது. அடுத்த வருடமே, 1956-ல், ஐ.பி.எம். உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது, ஒரு டன் எடை, கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்து. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவுதான். அன்றிலிருந்து வேகம் எத்தனையோ மடங்கு கூடியிருக்கிறது. அதனால் சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போனேன் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

பலன் கை மாறுவது இந்தச் சிப்புக்குப் பிறப்பிலேயே உண்டு. எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் ஃப்ளாஷ் மெமரியை உருவாக்கியவர் ஃபுஜியோ மசுவோகா, தோஷிபா எஞ்சினியர். 1984-ல் உலகத்துக்கு அறிவித்தார். 1991-ல் இதில் செய்த 20 எம்.பி. டிரைவ் ஆயிரம் டாலருக்கு விற்றது. பிறகு பென் டிரைவ், கேமரா, செல்போன் என்று எத்தனை ஆயிரம் கோடி வியாபாரம்! கண்டுபிடித்தவர் தனக்கு உரிய பங்கு கேட்டு, தான் வேலை பார்த்த கம்பெனி மேலேயே 2004-ல் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமரசம். கேட்டது நூறு கோடி யென்.

அப்படியானால் எஸ்.எஸ்.டி. வேண்டாமா? வேண்டும். திருவள்ளூர் பெண்ணைக் கேட்டால் அவரும் பழைய மெஷின் வேண்டும் என்று சொல்ல மாட்டார். கஸ்டமரிடம் திட்டு வாங்குவது நின்றிருக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. டிஸ்க் அதன் வேலையைச் செய்துவிட்டது. நேரத்தைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டது. அதை யார் எடுத்துக்கொள்வது என்பது சிப் தீர்மானிக்கிற சமாச்சாரம் இல்லை. மனுஷன் தீர்மானிக்க வேண்டியது. நண்பனிடம் சொன்னேன், 'பாதியை நீ எடு, பாதியை அந்தப் பொண்ணுக்குக் கொடு, ஆறு மணிக்கு அனுப்பு' என்று. "நீ பத்திரிகைல எழுது, நான் படிக்கிறேன்" என்றான். எழுதிவிட்டேன்.

உங்களுக்கு நடைமுறைப் பதில் வேண்டுமென்றால், எனக்குத் தெரிந்த ஒரே விதி இதுதான். அங்கே யாராவது காத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தினம் திறந்து மூடுகிற கம்ப்யூட்டர் என்றால் எஸ்.எஸ்.டி. போடுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பழைய லேப்டாப்புக்கும் போடலாம். புதுசு வாங்கும் செலவு பல சமயம் மிச்சம். யாரும் காத்திருக்காத இடத்துக்கு ஹார்ட் டிஸ்க்கே போதும். கல்யாண வீடியோ, பத்து வருட போட்டோ, கடை வாசல் சி.சி.டி.வி. பதிவு, இதற்கெல்லாம் வேகம் எதற்கு? பெரிய கம்பெனிகளின் டேட்டா சென்டர்களிலேயே கோடிக்கணக்கான ஃபைல்கள் இன்னமும் சுற்றும் தட்டுகளில்தான் கிடக்கின்றன. சிப்பில் எழுதி அழிப்பதற்கும் ஒரு எண்ணிக்கை வரம்பு உண்டு. போகும்போது ஹார்ட் டிஸ்க் மாதிரி 'டக், டக்' என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகும் என்ற நிச்சயமும் இல்லை. ஆகவே எதை வாங்கினாலும் இன்னொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். என் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு கேஸ் வாங்கிப் போட்டு, பீரோவில் வைத்திருக்கிறேன்.

பழையது எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? மனைவியின் லேப்டாப்பிலிருந்து. மறுநாளே ரிச்சி தெருவுக்குப் போய் எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். பதினெட்டு செகண்டில் திரை வந்தது. சந்தோஷமாக உட்கார்ந்தார். கேள்வித்தாளை ஆரம்பித்தார்.

பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இப்ப நடுவுல எழுந்து போக நேரமே இல்லைங்க. குக்கர்ல நாலு விசில் வந்தா அணைச்சிடுங்க."

பில்லில் 2,200 ரூபாய் என்றுதான் இருக்கிறது. பாக்கியை நான் தினமும் ராத்திரி அடுக்களையில் நின்று, விசில் எண்ணிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.